மைதானம் கேட்டால் அரசியலா?

“விளையாட்டிலே அரசியலைப் புகுத்தாதீர்!”

இப்படி ஒரு போதனை அடிக்கடி நம் செவியிலே வந்து விழுகிறது. போதிப்பவர் யார் என்று திரும்பிப் பார்த்தால், பெரும்பாலும் அவர் பந்தைத் தொட்டவராய் இருக்கமாட்டார். பந்தயத்துக்குத் தலைமை தாங்கியவராய் இருப்பார். வியர்வை சிந்தியவராய் இருக்கமாட்டார். மாலை வாங்கியவராய் இருப்பார். விளையாட்டுச் சங்கத்தின் தலைவர் நாற்காலியிலே அவர் அமர்ந்திருப்பார். அவர் இல்லையென்றால் அவருடைய மைத்துனர் அமர்ந்திருப்பார். அங்கெல்லாம் அரசியல் இல்லையாம்! ஆனால் அடிவாரத்துச் சிற்றூரிலே ஓர் இளைஞன் எழுந்து நின்று, “எங்கள் பள்ளிக்கு ஒரு மைதானம் வேண்டும், ஐயா” என்று கேட்டுவிட்டால், அந்த நொடியிலேயே வந்துவிடுகிறதாம் அரசியல்!

நாற்காலியைப் பிடித்தால் சேவை. மைதானத்தைக் கேட்டால் அரசியல்! நல்ல நியாயம் இது. இந்த நியாயத்தைத்தான் இன்று நாம் தராசிலே ஏற்றிப் பார்க்க விரும்புகிறோம்.

வாருங்கள் தோழர்களே, கள்ளக்குறிச்சியிலிருந்து மேற்கே போவோம். சர்க்கரை ஆலை இருக்கும் கச்சிராயபாளையத்தைத் தாண்டி, கோமுகி அணையைத் தாண்டி, மலைப்பாதையிலே வளைந்து வளைந்து ஏறினால் கரியாலூர். அதற்கும் அப்பால் வெள்ளிமலை. இதுதான் கல்வராயன் மலை. கோடை விழாவுக்கு வருகிறவருக்கு அது குளிர்ச்சி தரும் இடம். அருவியிலே தலை நனைத்துவிட்டு அந்திக்குள் இறங்கிவிடும் இடம். அங்கேயே பிறந்து அங்கேயே வாழ்கிறவருக்கோ அது மேடு, அது பள்ளம், அது கல், அது முள்.

அங்கே வாழும் பழங்குடி மக்களுக்கு மலையாளிகள் என்று பெயர். கேரளத்தாரோ என்று எண்ணிவிட வேண்டாம். மலையிலே வாழ்வதால் வந்த பெயர் அது. பேசுவது தமிழ். சாமையும் தினையும் விளைவித்தவர்கள், கடுக்காய் பொறுக்கியவர்கள், மரவள்ளி நட்டுப் பிழைப்பவர்கள்.

அந்த மலையிலே பிறந்த பிள்ளையைப் பாருங்கள். பள்ளிக்குப் போக மேடு ஏறுகிறான். தண்ணீருக்குப் பள்ளம் இறங்குகிறான். பட்டணத்துப் பிள்ளை மாதாமாதம் பணம் கட்டி, கண்ணாடி அறைக்குள்ளே எந்திரத்தின் மேல் ஓடி ஓடிச் சேர்க்கிற மூச்சை, இவன் காசு கொடுக்காமலே சேர்த்து வைத்திருக்கிறான். அவன் கையிலே ஒரு பந்தைக் கொடுத்துப் பாருங்கள். என்ன ஆகும்? ஒரே உதை! பந்து சரிவிலே உருண்டு, புதரைத் தாண்டி, பள்ளத்திலே போய் விழும். ஆட்டம் கால் நாழிகை. பந்தைத் தேடுவது முக்கால் நாழிகை!

கால் இருக்கிறது, களம் வேண்டும். மூச்சு இருக்கிறது, முற்றம் வேண்டும். சமநிலம் என்பது மலையிலே சர்க்கரைப் பொங்கல் போல. எல்லா நாளும் எல்லா வீட்டிலும் கிடைப்பதில்லை. இயற்கை கொடுக்காத இடத்திலே யார் கொடுப்பது? அரசு கொடுக்க வேண்டும். அரசு எதைக் கொடுக்கும், எதைக் கொடுக்காது என்பதைத் தீர்மானிப்பது எது? அரசியல்! அப்படியானால் பந்து உருண்டு போனதும் அரசியல்தான். அது உருளாமல் நிற்கப் போவதும் அரசியலால்தான்.

மலைக்கு இந்தப் பாடம் புதிதன்று. 1948-ம் ஆண்டு லண்டன் நகரத்து ஒலிம்பிக் பந்தயத்திலே, நேற்றுவரை நம்மை ஆண்ட பிரிட்டனை 4-0 என்று ஹாக்கியிலே வீழ்த்தித் தங்கம் வென்றது இந்தியா. 1952-லே ஹெல்சிங்கியிலே தங்கம். 1956-லே மெல்போர்னிலே தங்கம். நாடு கை தட்டியது, நாமும் தட்டினோம். அந்த ஆண்டுகளிலெல்லாம் கல்வராயன் மலையிலே யார் ஆண்டார் தெரியுமா? மூன்று ஜாகிர்தார்கள்! மலையின் மக்கள் ஜாகிர்தாரின் நிலத்திலே கூலியில்லாமல் பாடுபட்ட காலம் அது. அந்த ஜாகிர் முறை ஒழிந்தது 1976-லேதான். நாடு விடுதலை பெற்று 29 ஆண்டுகள் கழித்து! தங்கப் பதக்கம் தில்லிக்கு வந்துவிட்டது. விடுதலை மலையேற 29 ஆண்டுகள் ஆயின. கொடியும் கொட்டு மேளமும் ஒரு பக்கம்; கூலியில்லாத உழைப்பு மறுபக்கம். அந்த மலையிலே அப்போது குறைவாய் இருந்தது விளையாட்டா? இல்லை, தோழர்களே; குறைவாய் இருந்தது அரசியல்!

பின்னர் வந்த ஆண்டுகளிலே மலையை யார் தேடி வந்தார்கள்? சாராயத் தரகன் வந்தான். செம்மரம் வெட்ட ஆள் பிடிக்கும் தரகன் வந்தான். 2015 ஏப்ரல் 7-ம் நாள் ஆந்திரத்துச் சேஷாசலம் காட்டிலே 20 பேர் சுட்டு வீழ்த்தப்பட்டார்களே, தமிழ்நாட்டு மலைப் பகுதிகளிலிருந்து கூலிக்குப் போனவர்கள் அவர்களிலே பலர். 2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சி கருணாபுரத்திலே மெத்தனால் கலந்த நஞ்சு சாராயமாய் வந்தது. 60-க்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டு போயிற்று. மூட்டை தூக்கியவர், கூலி வேலைக்குப் போனவர், வீட்டிலே அடுப்பு மூட்டியவர் என்று ஏழைகளே மாண்டார்கள். அதன் பிறகு சென்னை உயர் நீதிமன்றம் கல்வராயன் மலை மக்களின் வாழ்க்கை நிலையைத் தானாகவே எடுத்து விசாரித்தது. சாலை எங்கே, பள்ளி எங்கே, மருத்துவம் எங்கே என்று கேட்டது. அறுபது பிணங்களுக்குப் பிறகு கேட்கப்பட்ட கேள்வி!

சாராயத் தரகனுக்கு மலைக்கு வழி தெரிகிறது. செம்மரத் தரகனுக்கு வழி தெரிகிறது. ஊறல் பானையை உடைக்கப் போகிற போலீசாருக்கும் வழி தெரிகிறது. ஒரு பந்துக்கும் ஒரு டிரில் மாஸ்டருக்கும் மட்டும் வழி தெரியாமல் போகலாமா?

இங்கே ஒரு நண்பர் குறுக்கிடுவார். நல்ல எண்ணத்தோடுதான் குறுக்கிடுவார். “சாலை இல்லாத ஊர் இருக்கிறது, பட்டா இல்லாத நிலம் இருக்கிறது, நோயாளியைத் தோளிலே சுமக்கிற கொடுமை இருக்கிறது. இத்தனைக்கும் நடுவே விளையாட்டு ஒரு கேடா? முதலிலே சோறு, பிறகு சடுகுடு!” என்பார்.

நாம் அவரை மதிக்கிறோம். மைதானம் வந்துவிட்டால் சாராயம் மறைந்துவிடும் என்று நாம் மந்திரம் ஓதவில்லை. பட்டா வேண்டும், சாலை வேண்டும், மருத்துவர் வேண்டும், வேலை வேண்டும். அதிலே ஒன்றையும் விட்டுக் கொடுக்க நாம் ஆயத்தமாய் இல்லை. ஆனால், “முதலிலே அது, பிறகு இது” என்கிற வரிசை இருக்கிறதே, அந்த வரிசையிலே ஏழையின் பிள்ளை எப்போதும் கடைசியிலேயே நிற்கிறான் என்பதை மட்டும் நினைவூட்டுகிறோம்.

1920-லே சென்னை மாநகராட்சியிலே நீதிக்கட்சியின் தியாகராயர் காலத்தில், ஆயிரம் விளக்குப் பள்ளியிலே பிள்ளைகளுக்குச் சோறு போடத் தொடங்கினார்கள். பள்ளிக்கூடம் படிப்பதற்கா, சாப்பிடுவதற்கா என்று கேட்கத் தோன்றுமல்லவா? கேட்டிருந்து பயன் என்ன? வயிறு காய்ந்தால் எழுத்து ஏறாது என்பதைக் கண்டார்கள். 1956-லே காமராசர் அதை மாநிலத்துக்கு விரித்தார். 1982-லே எம்.ஜி.ஆர். சத்துணவாக்கினார். 1989-லே கலைஞர் அதிலே முட்டையை வைத்தார். 2022-லே காலைச் சிற்றுண்டியும் வந்தது. சோறும் எழுத்தும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்று தமிழ்நாடு நூறு ஆண்டுகளாய் நாட்டுக்குக் காட்டி வருகிறது. அந்தச் சோற்றிலே வளர்ந்த உடலுக்கு ஓட ஓர் இடம் வேண்டாமா? முட்டையைக் கொடுத்தவன் முற்றத்தையும் கொடுக்க வேண்டும். உடலுக்கு உணவு கேட்டது அரசியல் என்றால், உடலுக்குக் களம் கேட்பதும் அதே அரசியல். அதன் அடுத்த அடி.

தொழிலாளத் தோழர்களுக்கு ஒன்று சொல்வோம். விளையாட்டு வானத்திலிருந்து குதித்து வந்ததல்ல. அதுவும் போராடிப் பெற்றதுதான். இங்கிலாந்திலே நெசவாலைகள் பகலும் இரவும் மனிதரை அரைத்த காலம் ஒன்று உண்டு. வேலை நேரத்தைக் குறைக்கத் தொழிலாளர் நெடுநாள் போராடினார்கள். 1850-ம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், சனிக்கிழமை பிற்பகல் 2 மணிக்கு மேல் பெண்களிடமும் இளையோரிடமும் வேலை வாங்கக்கூடாது என்று விதித்தது. அவர்கள் இல்லாமல் ஆலை ஓடாது, ஆகவே ஆலையே நின்றது. சனிக்கிழமை மாலை தொழிலாளியின் கைக்கு வந்தது. அந்த மாலையிலேதான் கால்பந்து வளர்ந்தது. இன்று உலகமெங்கும் பெயர் பெற்ற ஆர்செனல் அணி, 1886-லே ஆயுதத் தொழிற்சாலைத் தொழிலாளர்கள் சேர்ந்து தொடங்கிய அணி. ஓய்வு இருந்தால்தான் ஓட்டம். கூலி போதுமானால்தான் பந்து. 12 மணி நேரம் கரும்பு வெட்டிவிட்டு வருகிறவனைப் பார்த்து, “ஏன் நீ விளையாடவில்லை?” என்று கேட்பது அவனைக் கேலி செய்வதாகும்.

இந்த நாட்டின் கதையையும் பாருங்கள். பல்வங்கர் பாலு என்று ஒரு பந்து வீச்சாளர். தீண்டப்படாதவர் என்று ஒதுக்கப்பட்ட குடும்பத்திலே பிறந்தவர். பூனா நகரத்திலே வெள்ளையர் மன்றத்தின் ஆடுகளத்தைப் பராமரித்து, வெள்ளையர் மட்டை பிடித்துப் பழகப் பந்து போட்டவர். அவருடைய கைத்திறன் தேவைப்பட்டதால் இந்து அணியிலே சேர்த்துக் கொண்டார்கள். ஆனால் ஆட்டத்தின் இடைவேளையிலே தேநீர் எப்படி? மற்றவர்களுக்கு உள்ளே பீங்கான் கோப்பை. அவருக்கு வெளியே மண் குவளை! அவர் தொட்ட பந்தை எல்லாரும் தொட்டார்கள்; அவர் தொட்ட கோப்பையைத் தொடமாட்டார்கள். 1911-லே இங்கிலாந்துக்குப் போன முதல் இந்திய அணியிலே 100-க்கு மேற்பட்ட விக்கெட்டுகளை வீழ்த்தினார். இருந்தும் அணித்தலைவர் பதவி அவருக்குக் கிட்டவில்லை. அந்த நாளிலே பம்பாய்ப் பந்தயமே இந்து அணி, முஸ்லிம் அணி, பார்சி அணி, ஐரோப்பியர் அணி என்று மதத்தின் பெயரால் நடந்த பந்தயம். 1946 வரை நடந்தது. இதிலே அரசியல் இல்லையா? இருந்தது. மேல்சாதியின் அரசியல் இருந்தது. அதற்கு மரபு என்று பெயர் வைத்திருந்தார்கள். பாலுவுக்கு நியாயம் கேட்டவர்கள் வந்தபோதுதான் அதற்கு அரசியல் என்று பெயர் வைத்தார்கள்!

கடல் கடந்தும் அதே கதை. தென்னாப்பிரிக்காவிலே நிறம் பார்த்து அணி சேர்த்தார்கள். 1964-லே ஒலிம்பிக் பந்தயத்தின் கதவு அவர்களுக்கு மூடப்பட்டது. 1974-லே டென்னிசில் டேவிஸ் கோப்பையின் இறுதி ஆட்டம்; எதிரே தென்னாப்பிரிக்கா. விளையாடியிருந்தால் கோப்பை நம் கைக்கு வந்திருக்கலாம். “நிறவெறியோடு விளையாட மாட்டோம்” என்று இந்தியா ஆட்டத்தையே விட்டுக் கொடுத்தது. கோப்பை போயிற்று, மானம் நின்றது. 1992-லே தென்னாப்பிரிக்கா மீண்டும் ஒலிம்பிக் பந்தயத்துக்கு வந்தபோது கறுப்பரும் வெள்ளையரும் ஒரே அணியாய் வந்தார்கள். விளையாட்டிலே அரசியல் புகுந்ததால் வந்த கேடா இது? புகுந்ததால் விளைந்த நன்மையல்லவா!

நம் ஊரிலே 2017 சனவரியிலே ஏறுதழுவலுக்காக மெரினாக் கடற்கரையிலே இளைஞர் கூட்டம் அலைகடலோடு போட்டியிட்டதை நாடு கண்டது. விளையாட்டுக்காகச் சட்டமே திருத்தப்பட்டது. 2018 ஏப்ரலிலே, காவிரிக்காகத் தமிழ்நாடு கொதித்துக் கொண்டிருந்த நேரத்திலே சேப்பாக்கத்திலே கிரிக்கெட் கேளிக்கையா என்று கேட்டார்கள். மீதி ஆட்டங்கள் புனேவுக்குப் போயின. ஆட்டக்காரர்கள்மீது செருப்பு வீசியது தவறு. அதை நாம் மறைக்க மாட்டோம். அவர்கள் காவிரியை அடைத்தவர்கள் அல்லர். ஆனால் வயல் காயும்போது கேளிக்கை எதற்கு என்று கேட்டது தவறாகாது.

ஆகவே விளையாட்டிலே அரசியல் உண்டா, இல்லையா என்பது கேள்வியே அல்ல. யாருடைய அரசியல்? எந்த அரசியல்? அதுதான் கேள்வி.

கேடான அரசியலும் உண்டு. அதை நாம் மூடி மறைக்கவில்லை. 2023-லே நாட்டுக்குப் பதக்கம் வாங்கித் தந்த மல்யுத்த வீராங்கனைகள் தலைநகரிலே தெருவிலே அமர்ந்தார்கள். கூட்டமைப்பின் தலைவராய் இருந்த நாடாளுமன்ற உறுப்பினர்மீது பாலியல் தொல்லைப் புகார் சொன்னார்கள். மே 28-ம் நாள், புதிய நாடாளுமன்றக் கட்டடம் திறக்கப்பட்ட அதே நாளிலே, அந்தப் பெண்களைப் போலீசார் இழுத்துச் சென்ற காட்சியை உலகம் பார்த்தது. பதக்கம் வாங்கும்போது நாட்டின் மகள். நியாயம் கேட்கும்போது தெருவிலே கிடக்கிறவள்! நாற்காலி அரசியல் என்று நாம் சொல்வது இதைத்தான். ஆடாதவர் ஆளுவது, ஆடுகிறவர் அஞ்சுவது.

நாற்காலி அரசியலைவிடக் கொடியது ஒன்று உண்டு: சாதி அரசியல். 2025 மார்ச் மாதம் தூத்துக்குடி மாவட்டம் ஸ்ரீவைகுண்டம் பகுதியிலே, பதினோராம் வகுப்புப் படிக்கும் ஒடுக்கப்பட்ட வகுப்பு மாணவன் ஒருவன் தேர்வெழுதப் பேருந்திலே போய்க் கொண்டிருந்தான். வழிமறித்து அவன் கை விரல்களை வெட்டினார்கள். கபடிப் போட்டியிலே அவன் அணி வென்றதுதான் பகைக்குக் காரணம் என்று அவன் குடும்பத்தார் கண்ணீரோடு சொன்னார்கள். பேனா பிடிக்கப் போன விரல்கள்! எதிராளியின் காலைப் பற்றிய விரல்கள்! களத்திலே அவன் தொட்டபோது புள்ளி கணக்கிட்டவர்கள், களத்துக்கு வெளியே அவன் வென்றதைப் பொறுக்கவில்லை. பாலுவின் மண் குவளை உடையவில்லை, தோழர்களே. நூறு ஆண்டுகள் கழித்து அது அரிவாளாய் வந்து நிற்கிறது.

இந்த இடத்திலே நாம் நம்மையும் பார்த்துக் கொள்ள வேண்டும். தலைவர் பிறந்த நாள் என்றால் கபடிப் போட்டி நடத்துகிறோம். நல்லது. இரவு முழுதும் குழல் விளக்கு எரிகிறது, ஒலிபெருக்கி முழங்குகிறது, சுழற்கோப்பையிலே நன்கொடையாளர் பெயர் பளபளக்கிறது. களத்தின் நீளம் 13 மீட்டர். மேடையின் நீளம் அதைவிட அதிகம்! அந்த மேடையிலே ஆடியவன் ஏறுவது ஒரு நிமிடம்; நாம் அமர்வது மூன்று மணி நேரம். அதைக்கூட மன்னித்துவிடலாம். ஆனால் அந்தக் களத்துக்கு வரும் அணிகளிலே சாதிப் பட்டம் பொறித்த சட்டையோடு வரும் அணியைக் கண்டும் காணாமல் விடுகிறோமே, அதை மன்னிக்க முடியுமா? சேரி அணியை அழைக்காமல் விட்ட ஊர்ப் போட்டிக்குத் தலைமை தாங்க நம் தோழர் ஒருவர் போனால், அவர் தோளிலே கிடக்கும் துண்டுக்கு என்ன பொருள்? சாதியை ஒழிக்க வந்தவர்கள் சாதிக்குக் கோப்பை வழங்கலாமா? அப்படிப்பட்ட மேடையிலிருந்து இறங்கி வந்துவிடுங்கள். இறங்குவதும் ஒரு வெற்றிதான்.

நல்ல அரசியல் என்ன செய்யும் என்பதற்கும் நம்மிடம் சான்று உண்டு. சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டியிலே ஒரு பையன். ஐந்து வயதிலே பேருந்து மோதி ஒரு கால் சிதைந்தது. தாய் காய்கறி விற்று வளர்த்தார். பள்ளியிலே உடற்கல்வி ஆசிரியர் ஒருவர் அவன் காலைப் பார்க்கவில்லை. தாண்டுகிற உயரத்தைப் பார்த்தார். அந்தப் பையன்தான் மாரியப்பன் தங்கவேலு. 2016-லே ரியோ பாராலிம்பிக் பந்தயத்திலே 1.89 மீட்டர் தாண்டித் தங்கம். அடுத்து டோக்கியோவிலே வெள்ளி. 2024-லே பாரீசிலே வெண்கலம். கல்வராயன் மலையிலே அப்படி எத்தனை மாரியப்பன்கள், பார்க்கிற கண் ஒன்று கிடைக்காமல், மரவள்ளிக் காட்டிலே கிழங்கு பிடுங்கிக் கொண்டிருக்கிறார்களோ!

சென்னைக் கண்ணகி நகரைப் பாருங்கள். நகரின் நடுவிலே குடிசையிலிருந்து பெயர்த்தெடுத்து, நகரின் ஓரத்திலே கொண்டுபோய் வைக்கப்பட்ட மக்கள் வாழும் இடம். கண்ணகி நகர் என்று விலாசம் சொன்னாலே முகம் சுளிக்கிற உலகம். அந்த விலாசத்திலிருந்து கார்த்திகா என்ற பெண் புறப்பட்டாள். 2025 அக்டோபரிலே பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டிலே கபடித் தங்கம் வென்ற இந்தியப் பெண்கள் அணியிலே அவளும் ஒருத்தி. தமிழ்நாடு அரசு 25 லட்சம் ரூபாய் பரிசளித்தது. வென்ற பிறகு கொடுத்தது, வரவேற்கிறோம். வெல்வதற்கு முன்னே கொடுப்பது எப்போது? அதைத்தான் கேட்கிறோம். பரிசு ஒருத்திக்கு, மைதானம் ஊருக்கு.

இனி, என்ன செய்வது? கைதட்டிக் கலைந்து போகவா இவ்வளவு எழுதினோம்?

இரண்டு சட்டங்களைக் கையிலே எடுத்துக் கொள்ளுங்கள். 2009-ம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம். எட்டாம் வகுப்பு வரைக்குமான பள்ளி எப்படி இருக்க வேண்டும் என்று அதன் அட்டவணை சொல்கிறது. அதிலே குடிநீர் உண்டு, கழிப்பிடம் உண்டு; கூடவே விளையாட்டு மைதானம் என்ற சொல்லும் உண்டு. வகுப்புக்கு வகுப்பு விளையாட்டுக் கருவிகள் தரவேண்டும் என்றும் உண்டு. அது சலுகையல்ல, சட்டம்!

அடுத்தது, 2006-ம் ஆண்டு வன உரிமைச் சட்டம். காட்டு நிலத்திலே பொது வசதிகளுக்காக இடம் ஒதுக்கலாம் என்று 13 வசதிகளை வரிசைப்படுத்துகிறது. பள்ளி இருக்கிறது, மருத்துவமனை இருக்கிறது, அங்கன்வாடி, நியாயவிலைக் கடை, குடிநீர்க் குழாய், சாலை, சமுதாயக் கூடம் எல்லாம் இருக்கின்றன. மைதானம்? பதின்மூன்றையும் விரல் விட்டு எண்ணிப் பாருங்கள், மைதானம் இல்லை! ஒவ்வொரு வசதிக்கும் ஒரு ஹெக்டேருக்குக் குறைவான நிலம், அதாவது ஏறத்தாழ இரண்டரை ஏக்கருக்குள். 400 மீட்டர் ஓடுபாதைக்கோ ஏறத்தாழ நான்கு ஏக்கர் வேண்டும். மலைப் பிள்ளைக்குப் படிக்க இடம் உண்டு, கூட்டம் போட இடம் உண்டு. ஓடுவதற்கு இடமில்லை என்று சட்டமே மறந்துவிட்டது! சட்டத்தை எழுதிய அறையிலே மலைப் பிள்ளை ஒருவன் உட்கார்ந்திருந்தால் மறந்திருப்பார்களா?

மறந்த சட்டத்தைத் திருத்தக் கேட்போம். ஆனால் திருத்தம் வரும்வரை கை கட்டி நிற்க வேண்டியதில்லை. பட்டியலிலே பள்ளி இருக்கிறதல்லவா? பள்ளி என்றால் மைதானமும் சேர்ந்தது என்று மற்றொரு சட்டம் சொல்கிறதல்லவா? இரண்டையும் சேர்த்துப் படியுங்கள். வழக்கு நம் பக்கம். கபடிக் களத்துக்கு வேண்டியது 13 மீட்டருக்கு 10 மீட்டர். கைப்பந்துக்கு 18-க்கு 9. இரண்டும் சேர்ந்தாலும் ஒரு ஹெக்டேரிலே ஒரு மூலைக்குள் அடங்கும். மலையை இடிக்கச் சொல்லவில்லை. காட்டை அழிக்கச் சொல்லவில்லை. பள்ளிக்குப் பக்கத்திலே ஒரு துண்டு நிலத்தைச் சமன் செய்யச் சொல்கிறோம். இதற்குக் கோடிகள் வேண்டாம், மனம் வேண்டும்.

அந்த நிலத்தைப் பரிந்துரைக்கும் உரிமை யாருக்கு? மந்திரிக்கு அல்ல, மாவட்ட ஆட்சியருக்கும் அல்ல, கிராம சபைக்கு! சனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு நாட்கள் கிராம சபை கூடுகிறது. ஆறு வாய்ப்புகள்!

எனவே தோழர்களே, கிளைக்கு ஒரு வேலை. கையிலே ஓர் அளவு நாடா எடுத்துக் கொள்ளுங்கள். கள்ளக்குறிச்சி, சங்கராபுரம் வட்டாரங்களிலும் கல்வராயன் மலையிலும் உள்ள ஒவ்வொரு அரசுப் பள்ளிக்கும் போங்கள். பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகளை மறவாதீர்கள். மைதானம் இருக்கிறதா? இருந்தால் எத்தனை அடி? உடற்கல்வி ஆசிரியர் பணியிடம் உண்டா, அதிலே ஆள் உண்டா? பந்து இருக்கிறதா, அல்லது பதிவேட்டிலே மட்டும் இருக்கிறதா? பெண் பிள்ளைகளும் களத்திலே இறங்குகிறார்களா, அல்லது ஓரத்திலே நின்று கைதட்ட மட்டுமா? எழுதிக் கொள்ளுங்கள். அடுத்த கிராம சபையிலே எழுந்து நின்று படியுங்கள். தீர்மானமாக்குங்கள். தீர்மானத்தின் நகலைக் கையிலே வாங்காமல் வீட்டுக்குத் திரும்பாதீர்கள்.

நம் கட்சி ஆளும் ஊராட்சி என்றால் இன்னும் உரக்கப் படியுங்கள். நம்மவரிடமே நாம் கேட்கவில்லையென்றால், பிறரிடம் கேட்கும் தகுதி நமக்கு ஏது?

அப்போது யாராவது எழுந்து, “இதிலே அரசியல் செய்கிறீர்கள்” என்பார். கோபிக்காதீர்கள். புன்னகையோடு சொல்லுங்கள்: “ஆம் ஐயா, அரசியல்தான். கூலியில்லாமல் உழைத்த மலைக்குக் கூலியும் உரிமையும் கேட்டது எதுவோ, அந்த அரசியல். பசித்த பிள்ளைக்குப் பள்ளியிலே சோறு போட்டது எதுவோ, அந்த அரசியல். இப்போது அது சமநிலம் கேட்கிறது!”

சமநிலம் என்பது மலையிலே ஒரு துண்டு மண். நாட்டிலே அது ஒரு கொள்கை. முதலாவதை வெட்டிச் சமன் செய்ய மண்வெட்டி போதும். இரண்டாவதற்கு நாம் வேண்டும்.

கல்வராயன் மலையிலே உதைத்த பந்து, பள்ளத்திலே உருண்டோடாமல் உதைத்தவன் காலடிக்கே திரும்பி வரும் நாள் வரவேண்டும். அந்த நாளிலே மேடை போட வேண்டாம், மாலை வேண்டாம். களத்தின் ஓரத்திலே, மண்ணிலே உட்கார்ந்து, நாமும் அந்த ஆட்டத்தைப் பார்ப்போம்.